லைன் வீட்டுக்கு வந்த விலை

எங்கள் வீட்டை விற்றுவிடலாம் என்று முதலில் சொன்னது நான்தான். வெள்ளம் வடிந்து, உள்ளே கிடந்த சகதியை வழித்து வெளியே தள்ளி, ஊறிப்போன மெத்தையைச் சந்து முனையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்திருந்தோம். வீட்டில் உட்காரக் காய்ந்த இடம் சமையல் மேடை ஒன்றுதான். அதில் ஏறி உட்கார்ந்து, பக்கத்து வீட்டிலிருந்து வந்த கடுங்காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தோம்.

"வித்துருவோம்," என்றேன்.

"யார் வாங்குவா?" என்றார் என் கணவர்.

அவர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

ஏழு வீடுகள் ஒரே வரிசையில் ஒட்டிக்கொண்டு நிற்கும் லைன் வீடு எங்களுடையது. எங்களுடையது மூன்றாவது. இரண்டு பக்கச் சுவரும் பொதுச்சுவர். ஜன்னல் என்றால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஒரு சென்ட்டுக்குச் சற்றுக் கூடுதலான இடம். பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால் எங்கள் வீட்டில் இருமுவோம். பழைய துறைமுகம் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது என்பதைத் தவிர, அந்த வீட்டுக்குப் பெருமை சொல்ல வேறெதுவும் கிடையாது.

இந்த வரிசையைக் கட்டியவர் ஓர் உப்பள முதலாளி. தன்னிடம் வேலை பார்த்த கணக்குப்பிள்ளைகள் குடியிருக்கக் கட்டினார். பிறகு அவர் நொடித்துப்போனபோது ஒவ்வொரு வீடாக விற்றார். எங்கள் வீட்டை வாங்கியவர் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். அவர் மனைவி பிரசவத்தில் இறந்துபோனாள். இனி இந்த ஊரில் இருக்க முடியாது என்று மாற்றல் வாங்கிக்கொண்டு மதராசுக்குப் போனார். போகிற அவசரத்தில் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டார். அவரிடமிருந்து வாங்கியவள் ஒரு தண்டலின் மனைவி. தண்டல் என்றால் தோணியின் தலைவர். அப்போது சரக்குத் தோணிகள் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வந்துகொண்டிருந்தன. தண்டல் கடலில் இருந்த நேரத்தில், அவள் தன் அப்பா கொடுத்த நகையை விற்று, தன் பெயரிலேயே பத்திரம் முடித்துவிட்டாள். தோணி கரை பிடித்து வந்தவரிடம் வாடகை வீட்டு வாசலில் நின்று சாவியைக் காட்டினாளாம். இதை எங்களுக்குச் சொன்னவர் அந்தத் தண்டல்தான். சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் அவள் அப்படி வாங்கிய வீட்டைத்தான் அவர் எங்களுக்கு விற்றுக்கொண்டிருந்தார். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கடைசி மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். நல்ல உயரம், கறுத்த உதடு, உட்காரும்போதுகூடக் கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டே உட்காருவார்.

நான் நாசரேத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் வாத்தியார்கள். நானும் ஆசிரியை ஆனேன். என் கணவர் சாத்தான்குளம் பக்கம். துறைமுகத்தில் சரக்கு இறக்கி ஏற்றும் ஏஜென்ட் அலுவலகம் ஒன்றில் கணக்கு பார்த்தார். இரண்டு பேர் சேமிப்பும், என் பி.எப். கடனும் சேர்ந்து அந்த வீடுதான் வந்தது. முன் சுவரில் மாதா சொரூபம் வைக்க ஒரு சின்ன மாடம் கட்டியிருந்தார்கள். தண்டல் சொரூபத்தை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு, "மாடத்த இடிக்கணும்னா இடிச்சிருங்க டீச்சர், நீங்க மாதாவக் கும்பிடாத சபைல்லா," என்றார். நாங்கள் இடிக்கவில்லை. அதில் சாவியும் தீப்பெட்டியும் வைத்துக்கொண்டோம்.

வாங்கிய காலத்தில் ரோட்டிலிருந்து படி ஏறித்தான் வீட்டுக்குள் போவோம். ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டார்கள். முதலில் படி மறைந்தது. பிறகு ரோடும் வாசலும் சமமாயின. பிறகு நாங்கள் வீட்டுக்குள் இறங்க ஆரம்பித்தோம். வரிசையில் சிலர் வீட்டை இடித்து உயர்த்திக் கட்டினார்கள். எங்களால் முடியவில்லை. என் கணவரின் அலுவலகம் மூடிவிட்டது. மகள் படிப்புக்கு வாங்கிய கடன் இருந்தது. மழை பெய்தால் சந்தில் ஓடும் தண்ணீர் எங்கள் வீட்டைப் பார்த்து வரும். வருடா வருடம் கணுக்கால் அளவு வரும், போகும். அந்த வருடம் இடுப்பளவு வந்தது.

விற்று, புறநகரில் மேட்டுப்பகுதியாகப் பார்த்து ஒரு சின்ன வீடு வாங்கிவிடுவது என்று திட்டம். புரோக்கரிடம் சொன்னோம். பார்க்க ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களில் ஒரு பெண்ணை மறக்க முடியாது. புதிதாகக் கல்யாணமானவள். பேசிக்கொண்டே சுவரில் கை வைத்தாள். உப்பு பூத்துப்போன சுவர், காரை மாவாக உதிர்ந்து அவள் உள்ளங்கையில் ஒட்டியது. நாங்கள் பார்த்துவிடக் கூடாது என்று கையை முந்தானைக்குள் மறைத்துத் துடைத்தாள். வெளியே போகும்போது, "வீடு நல்லா குளிர்ச்சியா இருக்கு ஆன்ட்டி," என்றாள். அவர்கள் திரும்ப வரவில்லை.

இன்னொருவர் வங்கிக் கடனில் வாங்குவதாகச் சொன்னதால் மதிப்பீடு செய்ய ஓர் இன்ஜினியர் பையன் வந்தான். டேப்பைப் பிடித்து அளந்தான். சுவரைத் தட்டிப் பார்த்தான். மேல்தளத்தில் கம்பி துருத்திக்கொண்டு தெரிந்த இடத்தைப் போனில் படம் எடுத்தான். கடைசியில் என்னிடம், "கட்டிடத்துக்கு மதிப்பு வராது மேடம். இடத்துக்கு மட்டும்தான் போட முடியும்," என்றான்.

"அப்ப இத்தன வருசம் நாங்க எதுக்குள்ள தம்பி இருந்தோம்?" என்று கேட்டார் என் கணவர்.

அவன் சங்கடமாகச் சிரித்தான். "இடிக்கிற செலவ வேற கழிக்கணும் சார். அதுலயும் ரெண்டு பக்கச் சுவரும் உங்களுது மட்டும் இல்ல. பக்கத்து வீட்டுக்காரங்க ஒத்துக்கிட்டாத்தான் இடிக்கவே முடியும்."

அரசாங்க வழிகாட்டி மதிப்பு ஒன்று, வங்கி போடும் மதிப்பு ஒன்று, புரோக்கர் வாயில் வரும் மதிப்பு ஒன்று. மூன்றில் எதைக் கொடுத்தும் வாங்க அந்த ஆள் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் நான்காவது வீட்டு அண்ணாச்சி பேச வந்தார். துறைமுகத்துக்குப் போகும் வழியில் கயிறு, தார்ப்பாய்க் கடை வைத்திருக்கிறார். இந்த வரிசையிலேயே பிறந்து வளர்ந்தவர். ஐந்தாவது வீட்டையும் முன்னமே வாங்கியிருந்தார். எங்களுடையதும் கிடைத்தால் மூன்றையும் சேர்த்து இடித்து, கீழே குடோனும் மேலே வீடுமாகக் கட்ட நினைத்தார். பொதுச்சுவர் அவருக்குத் தடை இல்லை, ஒரு பக்கம் அவருடையதே. அவர் சொன்ன விலை எங்களுக்கு மேட்டில் ஒரு சிறிய வீட்டுக்குக் காணும். அன்று சாயங்காலம் என் கணவர் பல மாதங்களுக்குப் பிறகு பாட்டு முணுமுணுத்துக்கொண்டே முகச்சவரம் செய்தார்.

முன்பணம் கொடுக்க வெற்றிலை பாக்கு பழத்தோடு மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்தார் அண்ணாச்சி. தட்டை என் கையில் கொடுத்தார்கள். டீ குடித்தோம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அண்ணாச்சி, "ஒரு சின்ன விசயம் டீச்சர்," என்றார். "தண்டலுக்கு மூணு பொம்பளப் பிள்ளைக. உங்க பத்திரத்துல எத்தன பேரு கையெழுத்துப் போட்டுருக்காவ?"

நான் என் கணவரைப் பார்த்தேன். "தண்டலும் ரெண்டு மகளும்," என்றார் அவர். "ரெண்டு பேருதான அவருக்கு?"

"நடுவுல ஒருத்தி உண்டு. லாரி டிரைவர் ஒருத்தங்கூடப் போயிட்டா. அவன் வேற ஆளு, வேற சாமி. அதுக்கப்புறம் தண்டல் அவ பேரையே எடுக்கலல்லா. வீடு தாயாரு பேருல இருந்துச்சு. அப்படீன்னா அந்தப் பிள்ளைக்கும் பங்கு உண்டு. நாளைக்கு வங்கி வக்கீல் கேப்பாரு."

"இத முதல்லயே சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி," என்றேன்.

"விலை ஒத்து வரட்டும்னு இருந்தேன் டீச்சர். ஒத்து வரலைன்னா இதப் பேசி என்னத்துக்கு?" என்றார். அதில் கள்ளம் இருந்ததாக எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. அந்தப் பெண் ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறாள் என்றும், வாழைக்காய் மண்டிப் பக்கம் விசாரித்தால் வீட்டைக் காட்டுவார்கள் என்றும் அவரே சொன்னார். முன்பணம் அப்புறம் ஆகட்டும், அவளிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் மறுநாளே பத்திரம் முடித்துவிடலாம் என்றார்.

மூன்றாம் நாள் பஸ் ஏறினோம். என் கணவர் தேவாலயத்துக்குப் போவதுபோல் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வழியெல்லாம் நான் என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஆற்றுப்பாலம் வந்தபோது இரு பக்கமும் வயலும் வாழையுமாகப் பச்சை. அதைப் பார்த்து, "இங்கன ஒரு வீடு பாத்துருக்கலாம்," என்றார் அவர்.

மண்டியில் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். கதவைத் திறந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். நைட்டிமேல் துண்டு போட்டிருந்தாள். தண்டலின் அதே கறுத்த உதடு. நான் எங்கள் சந்தின் பெயரைச் சொன்னேன். அவள் கை கதவுநிலையைப் பிடித்துக்கொண்டது. "உள்ள வாங்க," என்றாள்.

உள்ளே சுவரில் மாதா படமும் முருகன் படமும் ஒரே ஆணியில் தொங்கின. பக்கத்தில் மாலை போட்ட கணவன் படம். மகன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான், அவனோடுதான் இருக்கிறாள். தண்ணீர் கொடுத்தாள். நாங்கள் வந்த காரியத்தை எப்படித் தொடங்குவது என்று தயங்கிக்கொண்டிருந்தபோது அவளே கேட்டாள்.

"அப்பா எப்படி இருக்காரு?"

நான் என் கணவரைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்தார். தண்டல் வீட்டை விற்ற சில வருடங்களிலேயே மூத்த மகள் வீட்டில் இறந்துபோயிருந்தார். நாங்கள் அடக்கத்துக்குப் போயிருந்தோம். இத்தனை காலமும் பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தவளிடம் அதை யாரும் சொல்லவில்லை.

சொன்னேன். அவள் அழவில்லை. துண்டின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கையில ஜெபமாலை வச்சிருந்தாவளா?" என்று கேட்டாள்.

"வச்சிருந்தாங்க. கறுப்பு மணி."

"அது அம்மாது," என்றாள்.

என் கணவர்தான் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். வீடு, விலை, அண்ணாச்சி, வக்கீல். அவள் முழுவதையும் கேட்டாள். முடிந்ததும் சிரித்தாள்.

"நான் வீட்டவிட்டுப் போன அந்த வாரமே அப்பா எனக்குப் பூசை வச்சிட்டாரு, தெரியுமா? செத்தவங்களுக்கு வைக்கிற பூசை. ஏதோ வெளியூர்க் கோயில்ல போய்க் கேட்டு வச்சாராம். அக்கா ஆளுவிட்டுச் சொன்னா, இனி இந்தப் பக்கம் வராதளான்னு. செத்தவ எப்படி டீச்சர் கையெழுத்துப் போடுவா?"

என் கணவர் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். அவர் அப்படித்தான், யார் அழப்போகிறார்கள் என்று தோன்றினாலும் வாசலுக்குப் போய்விடுவார். ஆனால் அவள் அழவேயில்லை. எங்களுக்குச் சோறு போட்டாள். கிளம்பும்போது சொன்னாள்: "ஒரு தடவ வீட்டப் பாக்கணும். பாத்துட்டுப் போடுதேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தாள். பட்டுச்சேலை கட்டியிருந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். சந்து முனையில் இறங்கி, எந்த வீடு என்று கேட்காமல் நேராக வந்து, எங்கள் வாசலில் நின்றுவிட்டாள்.

"இது என்ன டீச்சர், வீடு இறங்கிப் போச்சு?"

"வீடு அங்கனயேதான் இருக்கு. ரோடுதான் ஏறிட்டுது," என்றார் என் கணவர்.

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். முதலில் மாடத்தைப் பார்த்தாள். உள்ளே இருந்த தீப்பெட்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, வெறும் மாடத்தை விரலால் தடவினாள். பிறகு தீப்பெட்டியை அங்கேயே வைத்தாள். முன்னறை, நடுவறை, அடுக்களை, பின்னால் கொல்லை. அவ்வளவுதான், சுற்றிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? நடுவறையில் நின்று, "இங்கன நாங்க மூணு பேரும் படுப்போம். நான் நடுவுல. குளிர் காலத்துல ரெண்டு பேரும் என் போர்வையத்தான் இழுப்பாளுவ," என்றாள். கொல்லையில் துணி துவைக்கிற கல் இருந்த இடத்தைக் கேட்டாள். அது தரைக்குள் புதைந்துவிட்டது என்றேன். அம்மா அந்தக் கல்லில் உட்கார்ந்துதான் தலை சீவிவிடுவாள், தோணி வரும் நாள் என்றால் மூவருக்கும் பூ வைத்துவிடுவாள் என்றாள்.

அன்று நான் சீலா மீன் குழம்பு வைத்திருந்தேன். மூவரும் சாப்பிட்டோம். அவள் குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு, "நாசரேத்துக்காரங்க மீன்குழம்புல ஏன் இவ்வளவு மல்லி போடுதீங்க?" என்றாள். என் கணவர் இத்தனை வருடமாகத் தானும் அதைத்தான் சொல்லி வருவதாகச் சொன்னார். சிரித்தோம். அந்த வருடத்தில் அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது ஒன்றாகத்தான் இருக்கும்.

சாப்பிட்ட பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பட்டுச்சேலையில் சுண்ணாம்பு உதிர்ந்து ஒட்டியிருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

"நான் இதப் பெரிய வீடுன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன் டீச்சர்," என்றாள். "எங்க வீட்டுக்காரர் குடிச்சிட்டு வந்து அடிக்கும்போதெல்லாம் இந்த வீட்டத்தான் நெனப்பேன். அக்காவும் தங்கச்சியும் உள்ள சுகமா இருக்காவ, நான் மட்டும் வெளிய நிக்கேன்னு. பாத்தா அவளுகளும் இல்ல. வீடும் இவ்வளவுதானா இருந்துச்சு?"

போகும்போது வாசலில் நின்று என் கையைப் பிடித்தாள். "தேதி சொல்லுங்க. வந்து போட்டுத் தாரேன். எனக்கு ஒண்ணும் வேண்டாம்." சும்மா வாங்கிக்கொள்வது எங்களுக்கும் சரியாகப் படவில்லை. அண்ணாச்சி கொடுப்பதில் அவளுக்கென்று ஒரு தொகை ஒதுக்குவோம் என்று அன்று இரவே பேசி முடிவு செய்தோம். நான் மகளுக்குப் போன் செய்து வீடு முடிந்தது என்றே சொல்லிவிட்டேன்.

பதிவு அலுவலகத்தில் அண்ணாச்சி டோக்கன் போட்டு வைத்திருந்தார். காலையிலேயே போய் உட்கார்ந்தோம். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் கைரேகை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவள் வரவில்லை. போன் எடுக்கவில்லை. மதியத்துக்குச் சற்று முன்னால் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. இறங்கி வந்தவன் அவள் மகன். முப்பது வயது இருக்கும். நெற்றியில் திருநீறு. மரியாதையாகத்தான் பேசினான்.

"அம்மா வர மாட்டாங்க. அவங்க பங்கு என்னன்னு வக்கீலக் கேட்டுட்டேன். அதக் கொடுத்துருங்க, நானே கூட்டிட்டு வாரேன்."

என் கணவர் நாங்கள் ஒதுக்கியிருந்த தொகையைச் சொன்னார். அவன் முடியாது என்று தலையை ஆட்டினான்.

"அந்தத் தண்டல் எங்கப்பாவ ஒரு மனுசனா மதிக்கல. எங்கம்மா உயிரோட இருக்கும்போதே செத்துட்டான்னு சொன்ன ஆளு. அவரு செஞ்சதுக்கு எங்கம்மா இப்ப வந்து சும்மா கையெழுத்துப் போடணும், அப்படித்தான?"

அவன் தண்டலிடம் கேட்க வேண்டியதை எங்களிடம் கேட்டான். ஆனால் தண்டல் இல்லை. அவன் பேச்சில் ஒரு வார்த்தைகூடத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவன் கேட்டதைக் கொடுத்தால் எங்கள் கையில் மிஞ்சுவது மேட்டில் அந்தச் சின்ன வீட்டுக்குக் காணாது. வீட்டை விற்றுவிட்டு வாடகை வீட்டில் போய் உட்கார வேண்டும். இரண்டு பேரும் ஓய்வுபெற்றவர்கள், எத்தனை வருடத்துக்கு வாடகை கொடுப்பது? அண்ணாச்சியும் விலையை ஏற்ற முடியாது என்றார். அதற்குள் டோக்கன் நேரம் கடந்திருந்தது.

அன்று சாயங்காலம் அவள் போன் செய்தாள். பக்கத்தில் யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோலத் தாழ்ந்த குரல்.

"டீச்சர், நான் சொன்ன சொல்ல மாத்தணும்னு நெனைக்கல. ஆனா அவன் சோத்தத்தான் திங்கேன். எங்கப்பாவ எதுத்துக்கிட்டு வெளிய வந்தப்ப எனக்கு இருவது வயசு. இப்ப யார எதுத்துக்கிட்டு எங்க போவேன்?"

"பரவாயில்ல," என்றேன். அவளிடம் கோபப்பட நானும் முயன்று பார்த்தேன். வரவில்லை. அவள் சமாதானமாக ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். போனில் மண்டி லாரியின் ஹாரன் சத்தம்தான் கேட்டது. பிறகு அவளே வைத்துவிட்டாள்.

வக்கீலைப் பார்த்தோம். இத்தனை வருட அனுபவ பாத்தியதை இருக்கிறது, வழக்குப் போட்டால் ஜெயிக்கலாம் என்றார். கொஞ்சம் தயங்கி, "ஜெயிக்கிற அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் இருக்கணும்," என்று சேர்த்துச் சொன்னார். அவர் சிரித்ததால் நாங்களும் சிரித்துவைத்தோம். வழக்குப் போடவில்லை. ஒரு வீட்டை விட்டுப் போகவேண்டும் என்பதற்காக ஒரு பெண்ணின் மேல் வழக்குப் போட்டு, அவள் கோர்ட் வாசலில் பட்டுச்சேலையோடு வந்து நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அண்ணாச்சி கொஞ்ச காலம் பொறுத்தார். அவரையும் குறை சொல்ல முடியாது. கடைசியில் ஆறாவது வீட்டை வாங்கிவிட்டார். எங்கள் பக்கம் தேவையில்லாமல் போயிற்று. நான்கையும் ஐந்தையும் ஆறையும் இடித்து, ஆழமாகக் கடைகால் தோண்டி, மூன்று மாடி எழுப்பினார். ஒவ்வொரு தடவை இயந்திரம் தரையில் குத்தும்போதும் எங்கள் அலமாரிப் பாத்திரங்கள் கிலுகிலுவென்றன. பொதுச்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு விழுந்தது. அண்ணாச்சி தன் செலவில் கொத்தனாரை அனுப்பிப் பூசிக்கொடுத்தார். பூச்சு காய்ந்ததும் அதே இடத்தில் மறுபடி கோடு தெரிந்தது. இரண்டாவது வீட்டுக்காரரும் அதற்குள் உயர்த்திக் கட்டிவிட்டார். நடுவில் நாங்கள் மட்டும் பள்ளத்தில். இப்போது வெயில் எங்கள் கொல்லைக்கு மதியம் கொஞ்ச நேரம்தான் வரும். புரோக்கர் போனை எடுப்பதில்லை.

மகள் சென்னைக்கு வந்துவிடச் சொன்னாள். பூட்டிவிட்டுப் போனோம். ஒரே ஒரு படுக்கையறை உள்ள வாடகை வீடு. மருமகன் நல்லவர், ஹாலில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டார். ராத்திரி நான் தண்ணீர் குடிக்க எழுந்தால் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் தூங்குவதுபோல் கிடப்பார். ஒரு மாதம் கழித்து, "வீட்டத் தொறந்து போடணும், இல்லேன்னா கரையான் ஏறிரும்," என்று காரணம் சொல்லிக்கொண்டு திரும்பி வந்தோம். மகள் போகாதீர்கள் என்று ஒரு தடவை சொன்னாள். இரண்டாம் தடவை சொல்லவில்லை.

விற்க முடியாது, இடிக்க முடியாது, விட்டுப் போகவும் முடியாது என்று ஆன பிறகு என் கணவர் தரையை உயர்த்துவது என்று முடிவுசெய்தார். அண்ணாச்சியின் இடிபாட்டுக் கழிவு சந்தில் குவிந்து கிடந்தது. எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். பக்கத்து வீடுகளின் செங்கல்லும் காரையும் கூடை கூடையாக எங்கள் வீட்டுக்குள் வந்தன. அதைக் கொட்டி, திம்சுக்கட்டையால் இடித்துச் சமப்படுத்தி, மேலே சிமென்ட் போட்டார்கள். கதவுகளின் அடிப்பாகத்தை அறுத்தார்கள். நடுவறை மின்விசிறியைக் கழற்ற வேண்டியதாயிற்று. கை தூக்கினால் இறக்கை இடிக்கும். என் கணவர் உயரமானவர். அடுக்களைக்குள் வரும்போது இப்போது குனிந்துதான் வருகிறார். முதல் வாரம் நிலையில் இரண்டு மூன்று தடவை நெற்றியை இடித்துக்கொண்டார். பிறகு பழகிவிட்டது. வெளியே போகும்போதுகூடச் சில சமயம் காரணமில்லாமல் குனிந்தே நடக்கிறார். அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

அந்த ஐப்பசியில் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. சந்தில் தண்ணீர் வாசல்வரை வந்து நின்றது. உள்ளே வரவில்லை. அவர் கதவருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தியாளா, நின்னுட்டுது," என்று என்னிடம் சொன்னார். அந்த முகத்தை நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் நடுவறையில் கால் வைத்தேன், குளிர்ந்தது. வெளியிலிருந்து வரவில்லை. கொட்டி இடித்த கழிவுக்குள்ளேயே தண்ணீர் ஊறி, புதுத்தரைக்கும் பொதுச்சுவருக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் மெல்ல மெல்லப் பொங்கிக்கொண்டிருந்தது. அவரை எழுப்பினேன். வந்து பார்த்தார். குந்தி உட்கார்ந்து விரலால் அந்த இடத்தைத் தொட்டார். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு," என்றார்.

பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, எந்தக் கடை திறந்திருக்கும் என்று என்னிடம் கேட்டுவிட்டுச் சிமென்ட் வாங்கப் போனார். நான் சாக்கைப் போட்டுத் தண்ணீரை ஒற்றி வாளியில் பிழிந்துகொண்டிருந்தேன்.